மறுப்பும் மௌனமும்



கெடாவில் பீடோங், சுங்கை பட்டாணி, கூலிம் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த முதியோரின் பேச்சைச் சில ஆண்டுகளாக ஒலிப்பதிவு செய்து வருகிறோம். மலாய்ச் சொற்கள் கித்தா, மங்கு, காண்டா எனத் தமிழுருப் பெற்ற பேச்சு அது. பால்மரங்கள் நின்ற இடங்களில் செம்பனையும் வீடமைப்புகளும் எழுந்துவிட்டன. பேசியோர் பலர் மறைந்தனர், எஞ்சியவை பதிவுகளே.

அவற்றைத் தொலைவிலுள்ள மெய்நிகர் கணினியொன்றில் வைத்துள்ளோம். பெரிய கணினிக்குள் மென்பொருளால் வகுக்கப்பட்ட தனிக் கணினி அது. தனக்கெனத் திரையோ விசைப்பலகையோ அதற்கு இல்லை. பின்லாந்தின் தாத்து யுலோனென் 1995இல் உருவாக்கிய எஸ்.எஸ்.எச். முறையின் வழியே அதனுள் நுழைகிறோம்.

ஒரு நாள் காலை நுழைவு கிட்டவில்லை. "ஐயா, அனுமதி இல்லை என்கிறது" என்றார் உதவி செய்த மாணவர். அதை நம்பி இரண்டு நாள் சாவிக்கோப்பையே ஆராய்ந்தோம். மூன்றாம் நாள், திரையில் உள்ளதை அப்படியே படிக்கச் சொன்னோம். "இணைப்பு நேரம் கடந்தது" என்றே இருந்தது. பிழை கணினியில் அன்று, எங்கள் மொழிபெயர்ப்பில் இருந்தது.

இவ்விடத்தில் மூன்று செய்திகளைப் பிரித்தறிதல் வேண்டும். நேரம் கடந்தது எனில், நம் அழைப்புக்கு மறுமொழியே வரவில்லை. முகவரியையும் தீச்சுவரையும் நோக்குக. இணைப்பு மறுக்கப்பட்டது எனில், பெரும்பாலும் கணினி விழித்திருக்கிறது, ஆனால் வழக்கமான 22ஆம் எண் வாயிலில் எஸ்.எஸ்.எச். சேவை இயங்கவில்லை. அனுமதி மறுக்கப்பட்டது எனில், வாயில்வரை வந்துவிட்டோம். பயனர் பெயரோ சாவியோ பொருந்தவில்லை. முதற்செய்திக்குச் சாவியை மாற்றுவது, வாயிலை அடையாமலே பூட்டைப் பழிப்பதாகும்.

எங்களுக்கு நேர்ந்தது எளியது. முன்னிரவு மின்தடையால் இணையத் திசைவி நின்று மீண்டும் இயங்கியது. வீட்டு இணைப்பின் பொதுமுகவரி மாறிவிட்டது. தீச்சுவரோ பழைய முகவரியை மட்டுமே ஏற்றது. கணினியிடம் தரும் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் புதிய முகவரியைச் சேர்த்தோம். சற்று நேரத்தில், பால்வெட்டிய மூதாட்டி ஒருவரின் குரல் மீண்டும் கேட்டது.

'இல்லை', 'மாட்டேன்', 'கூடாது' என மறுப்பை வகைப்படுத்திப் பேசும் மொழி நம்முடையது. மறுமொழியின்மை இவற்றுள் எதுவும் அன்று, அது மௌனம். ஆயினும் நம் கலைச்சொல்லாளர் சிலர் மூன்று செய்திகளையும் 'இணைப்புத் தோல்வி' என்ற ஒன்றில் அடக்கிவிடுகின்றனர். 'மறுமொழி இல்லை', 'சேவை இயங்கவில்லை', 'சான்று ஏற்கப்படவில்லை' எனத் தனித்தனியே வழங்குமாறு இப்பேரவையை வேண்டுகிறோம். தமிழில் பிழைச்செய்தி படிக்கும் தோட்டத்துப் பிள்ளை, எங்களைப் போல் இரண்டு நாள் இழக்கலாகாது.