மூச்சை அடக்காதீங்க!

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், நேத்ராணி தீவுக்குச் சென்று வந்த குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



"கடலுக்குள்ளே முங்கிட்டு வந்தீங்களாமே, இதெல்லாம் நமக்குத் தேவையா?" என்று எங்களைக் கேட்காதவர் இல்லை. கேள்வி சரிதான். ரோஜாப் பூ கட்டுகிறவர்களும், சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவர்களும், தையல் மிஷின் மிதிக்கிறவர்களும் கடலில் இறங்கி என்ன ஆகப்போகிறது? அதைச் சொல்லத்தான் இங்கே நிற்கிறோம்.

முதலில் கணக்கு. மாதச் சேமிப்பு தனி. சுற்றுலாவுக்கு வாரம் ஐம்பது ரூபாய் என்று மூன்று வருஷம் தனியாகச் சேர்த்தோம். சுழல்நிதியில் ஒரு பைசா தொடவில்லை. கடலில் இறங்கினவர்கள் அந்தக் கட்டணத்தைக் கையிலிருந்து போட்டோம். நோட்டு இங்கேயே இருக்கிறது, யாரும் பார்க்கலாம்.

பதினாறு பேர் வேனில் கிளம்பினோம். அத்திப்பள்ளி தாண்டி, பெங்களூர், தும்கூர், ஷிமோகா வழியாக ஜோக் அருவி. அங்கிருந்து மலை இறங்கி, பாக்குத் தோப்புகளைப் பார்த்துக்கொண்டே ஹொன்னாவர். அடுத்து முருடேஸ்வரம். 123 அடி உயரச் சிவன் சிலையைக் கும்பிட்டோம். அந்தக் கரையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் கடலுக்குள் இருப்பதுதான் நேத்ராணி தீவு. மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் அங்கே நீச்சல் தெரியாதவர்களுக்கும் முங்கக் கற்றுக் கொடுக்கிறார்கள்.

எங்களில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. எங்களோடு வந்த ஒரு அக்காவின் மகன் எட்டு வருஷத்துக்கு முன்னால், மழைத்தண்ணி தேங்கிய பழைய கல்குவாரிப் பள்ளத்தில் குளிக்கப் போய் இறந்துவிட்டான். காப்பாற்றக் குதித்த பக்கத்து வீட்டுப் பையனும் வரவில்லை. அன்றிலிருந்து அக்கா ஏரிக்கரைப் பக்கமே போவதில்லை. "நான் படகில் உட்கார்ந்துக்கறேன், நீங்க போங்க" என்றுதான் வந்தார்.

இறங்கும் முன்பு ஒரு படிவம் தந்தார்கள். இதய நோய், ஆஸ்துமா, கர்ப்பம் எல்லாம் உண்மையாக எழுத வேண்டும். ஆஸ்துமா என்று எழுதிய எங்கள் தங்கச்சியை இறக்கவில்லை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் மறைக்காமல் எழுதினாளே, அவளைப் பாராட்டுகிறோம்.

பயிற்சியாளருக்குத் தமிழ் தெரியாது. எல்லைப் பக்கத்துக்காரிகளுக்கு அது ஒரு பிரச்சினையா? பாகலூர் பக்கத்து அக்கா கன்னடத்தில் கேட்டுத் தமிழிலும் தெலுங்கிலும் சொன்னார். முதல் பாடம்: "உசிரு ஹிடியபேடி." மூச்சை அடக்காதீங்க!

காரணமும் சொன்னார்கள். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்று, மேலே வரும்போது இரண்டு மடங்கு விரியும். மூச்சை அடக்கிக்கொண்டு சட்டென்று மேலே வந்தால் நுரையீரலே கிழிந்துவிடும். முதுகில் மாட்டும் சிலிண்டரில் இருப்பது தனி ஆக்ஸிஜன் இல்லை, நாம் சுவாசிக்கும் அதே காற்றை அழுத்தி அடைத்தது. 1943ல் பிரான்சில் கூஸ்தோ, காக்னான் என்ற இருவர் உருவாக்கிய கருவியிலிருந்து வளர்ந்ததுதான் இது.

காது அடைத்தால் மூக்கைப் பிடித்து மெதுவாக ஊத வேண்டும். தண்ணீருக்குள் பேச்சு கிடையாது, கைதான் பாஷை. கட்டைவிரலைத் தூக்கினால் 'சூப்பர்' இல்லை, 'மேலே போகலாம்' என்று அர்த்தம். எங்களில் ஒருத்தி சந்தோஷத்தில் கட்டைவிரலைத் தூக்க, பயிற்சியாளர் இரண்டு தடவை மேலே கூட்டி வந்துவிட்டார்!

படகு ஓரத்தில் கயிற்றைப் பிடித்துப் பழகும்போதே எங்களில் இருவர் பயந்து குழாயைத் துப்பிவிட்டோம். உப்புத் தண்ணி மூக்கில் ஏறியது. வெட்கமில்லாமல் சொல்கிறோம், ஒருத்தி படகுக்கே திரும்பிவிட்டாள். யாரும் சிரிக்கவில்லை, யாரும் வற்புறுத்தவும் இல்லை.

அப்போதுதான் அந்த அக்கா எழுந்தார். "அந்த உடுப்பைக் கொடுங்க" என்றார். கயிற்றைப் பிடித்தே வெகுநேரம் மூச்சு விட்டுப் பழகினார். பிறகு பயிற்சியாளர் கையைப் பிடித்துக்கொண்டு கீழே போனார்.

கடைசியில் ஏழு பேர் முங்கினோம். பாறை இடுக்கில் கிளிமீன்கள், மஞ்சளும் கறுப்புமாய்க் கோடு போட்ட மீன்கள். காதில் கேட்டது நம்ம மூச்சுச் சத்தம் மட்டும்தான். மேலே வந்ததும் அக்கா ஒன்றுதான் சொன்னார். "கையைப் பிடிச்சுச் சொல்லிக் கொடுத்தா எனக்கே வருது. என் பையனுக்கு வந்திருக்காதா?" படகில் யாரும் பேசவில்லை.

அன்று ராத்திரியே கிளம்பவில்லை. முங்கினவர்கள் உடனே உயரமான இடத்துக்குப் போகக் கூடாதாம். வழியில் மலை ஏற வேண்டும், நம்ம ஓசூரே கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 880 மீட்டர். அதனால் ஒரு நாள் தங்கித்தான் வந்தோம். லேட் என்று திட்டிய வீட்டுக்காரர்களுக்கு இதுதான் பதில்.

பெண்களுக்கு இது புதுசும் இல்லை. ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்கள் சிலிண்டரே இல்லாமல், கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றிக்கொண்டு மூச்சடக்கி முங்குகிறார்கள். எங்களுடையது ஒரு நாள் கூத்து, அவர்களுடையது பிழைப்பு. அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்தி 2015ல் சீகாலஜி என்ற சர்வதேச விருதே வாங்கினார்.

உறுப்பினர்களே, ஒரு தடவை முங்கியதால் எங்களுக்கு நீச்சல் வந்துவிடவில்லை. ஆனால் ஒன்று புரிந்தது. பிள்ளைகளிடம் "தண்ணிப் பக்கம் போகாதே" என்று மட்டும் சொல்லி வளர்க்கிறோம். அவர்கள் போகத்தான் போகிறார்கள். ஏரி இருக்கிறது, கெலவரப்பள்ளி அணை இருக்கிறது, கிருஷ்ணகிரி அணை இருக்கிறது, கைவிட்ட குவாரிகள் இருக்கின்றன. உலகம் முழுக்க வருஷத்துக்குச் சுமார் மூன்று லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கிச் சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஐ.நா. சபை 2021ல் ஜூலை 25ஐ இதற்கான தடுப்பு நாளாக அறிவித்தது.

ஆகவே மூன்று தீர்மானங்களை உங்கள் முன் வைக்கிறோம்.

ஒன்று: கோடை விடுமுறையில் நம் பிள்ளைகளுக்கு, பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்து, பயிற்சியாளர் உள்ள குளத்தில் நீச்சல் கற்றுத்தர ஆட்சியரிடம் மனு கொடுப்போம்.

இரண்டு: கைவிட்ட குவாரிப் பள்ளங்களுக்கு வேலி கேட்டு, அந்தந்த ஊர் கிராம சபையில் நம் பெண்கள் எழுந்து பேசுவோம்.

மூன்று: யாராவது தண்ணியில் தத்தளித்தால் நீச்சல் தெரியாதவர் குதிக்கவே கூடாது. சத்தம் போட்டு ஆள் கூப்பிடணும். கயிறோ, சேலையோ, மூடி போட்ட காலி கேனோ வீசணும். இதை ஒவ்வொரு குழுக் கூட்டத்திலும் சொல்லிக் கொடுப்போம்.

முதல் மனுவில் முதல் கையெழுத்து அந்த அக்காவுடையது. கூட்டம் முடிந்து போகும்போது நீங்களும் போட்டுவிட்டுப் போங்க.