நம் சிறுவர்க்கு அண்டை நாட்டை அறிமுகஞ் செய்தல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



நமக்கு அண்டை நாடு இந்தியா. அதனை நம் சிறுவர் இன்று அறிவதெல்லாம் பெரும்பாலும் சினிமாவாலும் கிரிக்கெட்டாலுமே. நடிகர் பத்துப் பேரின் பெயரை ஒரே மூச்சிற் சொல்லும் பிள்ளை, காவிரி எங்கே ஓடுகிறது என்று கேட்டால் விழிக்கிறது. இதற்குப் பிள்ளையை நோவதாற் பயனில்லை. அரசர் வரிசையையும் ஆண்டுகளையும் முதலில் வைத்தால் எந்தப் பிள்ளையும் கொட்டாவி விடும். நாம் நமது வாசலிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

வைகாசித் திங்களிலே காரைதீவிலும் தம்பிலுவிலிலும் கண்ணகை அம்மன் சடங்கு நடைபெறுகிறது, வழக்குரை பாடப்படுகிறது. அக்கதையைக் கேட்ட பிள்ளைக்கு ஒரு படத்தை விரித்துக் காட்டுங்கள். பிறந்தது சோழநாட்டுப் புகார். வழக்குரைத்தது பாண்டிநாட்டு மதுரை. கோயில் எழுந்தது சேரநாட்டு வஞ்சி. பழந்தமிழகம் முழுவதும் ஒரு கதையில் அடங்கிவிடும். அக்கோயில் விழாவுக்கு இலங்கைக் கயவாகு மன்னன் சென்றதாகச் சிலப்பதிகாரம் கூறுகிறது. அவளையே சிங்கள மக்கள் பத்தினித் தெய்வமாக வழிபடுகின்றனர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அயலிலே கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலிற் கொடியேறுகிறது. அது நாகூரில் அடங்கியிருக்கும் சாகுல் ஹமீது வலியுல்லா அவர்களின் நினைவாக ஏறும் கொடி. நமது சொறிக்கல்முனையில் வாழும் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கோ யோசேவ் வாஸ் அடிகள் இருக்கிறார். 1651 இல் கோவாவிற் பிறந்த அவர், ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், 1687 இல் கூலியாளின் வேடத்தில் இந்நாட்டுக்கு வந்தார். 1711 இற் கண்டியில் மறைந்தார். 2015 இற் கொழும்பிலே புனிதராக அறிவிக்கப்பட்டார். ஆகவே, மூன்று சமயத்துப் பிள்ளைகளும் ஒரே கடலைத் தத்தம் வாசலிலிருந்து பார்க்கின்றனர்.

அக்கரையிலிருந்து வந்தவற்றை மாத்திரமன்றி, இக்கரையிலிருந்து போனவற்றையும் பிள்ளைகள் அறிதல் வேண்டும். 1892 இற் காரைதீவிலே பிறந்த விபுலாநந்த அடிகள், என்னைப்போல மிஷன் பாடசாலையிற் படித்தவர். அவரே இராமகிருஷ்ண சங்கத்துத் துறவியானார். 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியரானார். அவருடைய யாழ்நூல் 1947 இல் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. இதனைக் கேட்கும் பிள்ளை, நாம் அயலாரிடம் ஏந்திய கையர் அல்லர், கொடுத்தும் வாழ்ந்தவர் என்று நிமிர்ந்து நிற்கும்.

நிற்க. இனியவற்றை மட்டும் சொல்லி நிறுத்துதல் தகாது. சோழர் பெருமையை நாம் வாய்நிறையப் பேசுகிறோம். 993 ஆம் ஆண்டளவில் அவர் படை அநுராதபுரத்தைச் சூறையாடியது என்பதே சிங்களப் பிள்ளை கற்கும் பாடம். இரண்டும் ஒரே சரித்திரத்தின் பக்கங்களே. ஒரு பக்கத்தை மறைத்தால், நாளைக்கு இரு பிள்ளைகளும் சந்திக்கும்போது பேச்சுக்குப் பதிலாகச் சண்டையே மிஞ்சும். 1987 இல் வந்து 1990 இல் திரும்பிய இந்திய அமைதிப்படையின் காலத்து நினைவுகள் இம்மாகாணத்துப் பல வீடுகளில் இன்னும் ஆறவில்லை. அவற்றையும் பிள்ளைக்கு வயது வரும்போது, கோபமூட்டாமலும் மழுப்பாமலும் பெரியோர்களே சொல்ல வேண்டும். நாம் சொல்லாவிடில் வதந்தி சொல்லும். ஓர் அரசு செய்தது வேறு, ஒரு நாட்டு மக்கள் வேறு என்னும் பகுத்தறிவை அப்போதுதான் பிள்ளை பெறும்.

எனவே சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அறநெறி வகுப்பு முடிந்தபின் அரை மணி நேரம் ஒதுக்குவோம். சுவரில் ஒரு படம் இருக்கட்டும். ஒரு மாதம் ஓர் ஊர், ஓர் ஆள், ஒரு கதை. இளைஞர் படித்து வந்து சொல்லட்டும். பெரியோர் தாம் கண்டதையும் கேட்டதையும் சேர்க்கட்டும். முஸ்லிம், கத்தோலிக்க அயலவரின் பிள்ளைகளையும் அழைப்போம். செலவு சொற்பம், வேண்டுவது முயற்சியே.

அயலானைச் சரியாக அறிந்த பிள்ளை, அவனைக் கண்டு மயங்கவும் மாட்டாது, வெறுக்கவும் மாட்டாது. தன் வீடு எத்தகையது என்பதையும் அப்பொழுதே அது நன்கு உணரும். இம்முயற்சியை இவ்வாண்டே தொடங்குவோமாக.