ஊராட்சி வரியும் வங்கிக் கணக்கும்: ஓர் அமானிதப் பாடம்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், வரவு செலவு அறிக்கை வாசிக்கப்படுவதற்கு முன் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

ஆண்டுதோறும் இக்கூட்டத்தில் இமாமை இரண்டு வார்த்தை பேச அழைப்பது நமது வழக்கம். நாமும் தொழுகையின் சிறப்பைப் பற்றியோ, ஜகாத்தின் கடமையைப் பற்றியோ பேசி அமர்ந்துவிடுவோம். இவ்வாண்டு வேறொரு செய்தியைப் பேச வேண்டியிருக்கிறது. ஊராட்சிக்கு நாம் செலுத்தும் தொகை வங்கிக் கணக்கு அறிக்கையில் எவ்வாறு பதிவாகிறது, அதை எவ்வாறு படித்தறிவது என்பதே அச்செய்தி. "ஹஜ்ரத்துக்கு இந்த வேலை எதற்கு?" என்று சிலர் எண்ணக்கூடும். அதைப் படிக்கத் தெரியாத காரணத்தால், இந்த ஜமாஅத் நேர்மையான ஒரு மனிதரை இழக்க இருந்தது. ஆகவேதான் பேசுகிறோம்.

நடந்தது இதுதான். பள்ளிவாசலுக்குச் சொந்தமான இரண்டு கடைகள் வாடகைக்கு விடப்பட்டிருப்பதை நீங்கள் அறிவீர்கள். சென்ற நிதியாண்டு முடியும் தறுவாயில், அக்கடைகளுக்குரிய வரியைப் பொருளாளர் அவர்கள் ஜமாஅத் கணக்கிலிருந்து செலுத்தினார்கள். மார்ச் 31 வரையிலான வங்கி அறிக்கை வந்தபோது, மார்ச் 29 ஆம் தேதியில் ஊராட்சியின் பெயரால் மூன்று பற்றுப் பதிவுகள் இருந்தன. மூன்றும் 660 ரூபாய். மொத்தம் 1,980 ரூபாய். கோப்பில் இருந்த ரசீதுகளோ இரண்டே. 1,320 ரூபாய்க்குக் கணக்கு இருந்தது. 660 ரூபாய்க்கு இல்லை.

பொருளாளரைக் கேட்டோம். "கணக்கிலிருந்து பணம் போனதாகக் குறுஞ்செய்தி வந்தது, ரசீது வரவில்லை. அதனால் மறுபடியும் கட்டினேன்" என்றார்கள். அதற்கு மேல் விளக்க அவர்களால் இயலவில்லை. மூன்றாவது தொகை அவருடைய சொந்த வீட்டு வரியாக இருக்குமோ என்று யாரோ ஒருவர் மெல்லக் கூறினார். அந்தப் பேச்சு தேநீர்க் கடை வரை சென்றது. சில நாள் கழித்து, இஷா தொழுகைக்குப் பின் அவர்கள் நம்மிடம் வந்து, ரசீதுப் புத்தகத்தையும் சாவியையும் வைத்துவிட்டுச் சொன்னார்கள்: "ஹஜ்ரத், அறுநூற்று அறுபது ரூபாயை என் கையிலிருந்தே போட்டிருப்பேன். ஆனால் அது கணக்கு ஆகாதே."

அவர்கள் சொன்னது முற்றிலும் சரி. அதுவரை வாய் திறவாமல் இருந்த நமக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை.

மறுநாள் நம் ஜமாஅத்தின் கல்லூரி மாணவர் ஒருவரை அழைத்து, ஏப்ரல் மாதத்து அறிக்கையையும் எடுத்து வரச் சொன்னோம். அதில் ஏப்ரல் 2 ஆம் தேதி 660 ரூபாய் வரவாகப் பதிவாகியிருந்தது. வீட்டிலிருந்து செலுத்தும்போது சிக்னல் அறுந்து, ஊராட்சியின் கணக்கில் சேராமல் நின்ற தொகை அது. பொருளாளர் அவர்கள் ஆண்டு முடிந்துவிடுமே என்று அஞ்சி, செம்மேட்டுக்குச் சென்று அதே கடைக்கு மீண்டும் செலுத்தியிருக்கிறார்கள். முதலில் சென்ற பணம் நான்கு நாளில் தானே திரும்பிவிட்டது. ஆனால் திரும்பி வந்த பணம் அடுத்த நிதியாண்டின் பக்கத்தில் இருந்தது. நாம் மார்ச் மாதத்துப் பக்கத்தோடு நின்றுவிட்டோம்.

எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரும் இம்மலையில், சிக்னல் போவதும் வருவதும் புதிதன்று. இது நாளை உங்கள் வீட்டிலும் நிகழலாம். ஆகவே சில செய்திகளை வரிசையாகக் கூறுகிறோம்.

வரியின் வகைகள்

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994 இல் இயற்றப்பட்டது. கொல்லிமலை ஊராட்சி ஒன்றியத்தில் வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு எனப் 14 கிராம ஊராட்சிகள் உள்ளன. ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், உரிமக் கட்டணம் ஆகியவற்றை வசூலிக்கிறது.

வீட்டு வரி என்று பெயர் இருந்தாலும் கடைக் கட்டடத்துக்கும் அது உண்டு. பொது வழிபாட்டுக்கென்றே பயன்படும் கட்டடத்துக்கு விலக்கு இருக்கிறது. பள்ளிவாசலுக்குச் சொந்தம் என்பதற்காக வாடகைக் கடைக்கு அவ்விலக்குக் கிடையாது. வீட்டு வரியோடு நூலக வரியும் சேரும். 1948 ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின் வழி வந்தது அது. வரியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 காசு. நம் கடை ஒன்றுக்கு வரி 600 ரூபாய், நூலக வரி 60 ரூபாய், ஆக 660 ரூபாய். "வரி அறுநூறுதானே, அறுபது எங்கே போனது?" என்று ஒருவர் கேட்டார். அது நம் பிள்ளைகள் படிக்கும் நூலகத்துக்குப் போனது.

தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை செலுத்துவது. அரையாண்டு வருமானம் 21,000 ரூபாய்க்கு மேற்படாதவருக்கு அது இல்லை. எவ்வளவு வருமானம் இருப்பினும், ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 276 ஆம் பிரிவு வரம்பு கட்டியிருக்கிறது. சம்பளம் பெறுவோருக்கு இவ்வரியைச் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். எனவே அது வங்கி அறிக்கையில் தனியே தெரியாது. சம்பளப் பட்டியலில்தான் பார்க்க வேண்டும்.

ஊராட்சிக்குரியது அல்லாதவற்றையும் அறிந்துகொள்ளுங்கள். மின்கட்டணம் மின்வாரியத்துக்குரியது. நிலத்தீர்வை வருவாய்த் துறைக்குரியது. குறுஞ்செய்திக் கட்டணம், குறைந்தபட்ச இருப்பு இல்லாமைக்கான கட்டணம், அவற்றின் மீது ஜி.எஸ்.டி. என்று வருவன வங்கி தனக்கெனப் பிடிப்பவை. ஒரு சகோதரர் ஜி.எஸ்.டி. பதிவைக் காட்டி, "ஊராட்சி இரகசியமாக வரி பிடிக்கிறது" என்று நம்மிடம் முறையிட்டதுண்டு.

அறிக்கையைப் படிக்கும் முறை

கிராம ஊராட்சிகளின் வரியை இணையவழியே செலுத்தும் வசதியைத் தமிழ்நாடு அரசு 2023 இல் ஏற்படுத்தியது. அதற்குப் பின் நம்மில் பலரும் கைபேசி வழியே செலுத்துகிறோம். அவ்வாறு செலுத்தும்போது, அறிக்கையில் ஊராட்சியின் பெயர் முழுமையாக வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இடம் போதாமல் பாதிப் பெயர் அச்சாகலாம்; இடையில் நின்று பணத்தைக் கடத்தும் நிறுவனத்தின் பெயரும் வரலாம். ஆகவே பெயரைக் கொண்டு முடிவு செய்யாதீர்கள். தேதி, தொகை, யு.பி.ஐ. பதிவுக்குரிய 12 இலக்க எண் ஆகிய மூன்றையும் பாருங்கள். அந்த எண் உங்கள் கைபேசியிலும் இருக்கும்; இரண்டும் ஒன்றாக இருந்தால் பதிவு அதுவே.

வங்கி அறிக்கை பணம் வெளியேறியதற்குச் சான்று. வரி செலுத்தப்பட்டதற்குச் சான்று ரசீது. இவ்விரண்டும் வேறு வேறு. ரசீதில் உங்கள் வரிவிதிப்பு எண்ணும், எந்த நிதியாண்டுக்குரியது என்பதும் இருக்கும். ஒரே தொகை இரண்டு முறை சென்றிருந்தால் உடனே திகைக்க வேண்டாம். நம் கடைகளைப் போல் இரண்டு கட்டடங்களுக்கு இரண்டு வரிவிதிப்பு எண்கள் இருக்கலாம். ரசீதும் இருந்து, ஊராட்சியின் பதிவேட்டில் பாக்கி என்று காட்டினால், ரசீதின் நகலுடன் ஊராட்சிச் செயலரிடம் எழுத்தில் கொடுங்கள்.

பணம் போய் ரசீது வரவில்லையென்றால், உடனே மறுமுறை செலுத்தாதீர்கள். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விதித்த நெறிப்படி, யு.பி.ஐ. வழியாகச் செலுத்தி, பெறுபவருக்கு உறுதியாகாத கட்டணம் ஐந்து நாளுக்குள் தானே திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் இழப்பீடு உண்டு. வங்கியிடம் எழுத்தில் முறையிட்டு 30 நாளில் தீர்வு கிடைக்காவிடில், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். அதற்குக் கட்டணம் இல்லை. இந்த ஐந்து நாள் அவகாசம் வேண்டுமென்றால், மார்ச் மாதத்தின் கடைசி வாரம் வரை காத்திராமல் முன்னதாகவே செலுத்துங்கள்.

இன்னொரு செய்தி. இங்கிலாந்தில் வாழும் தமிழர்களிடம் கேட்டால், அங்கே உள்ளாட்சி மன்றத்தின் வரி பெரும்பாலும் ஏப்ரல் முதல் சனவரி வரை பத்துத் தவணைகளாக, வங்கிக்கு ஒருமுறை கொடுத்த ஒப்புதலின் பேரில் தானே எடுக்கப்படும் என்பார்கள். நம் கிராம ஊராட்சி அவ்வாறு எவருடைய கணக்கிலிருந்தும் தானே எடுப்பதில்லை. நாமோ, நம் கைபேசியைக் கையாள்பவரோ செலுத்தினால்தான் பணம் போகும். எனவே, "வரி பாக்கி இருக்கிறது, இந்த இணைப்பைத் தொடுங்கள், இரகசிய எண்ணைச் சொல்லுங்கள்" என்று எவரேனும் அழைத்தால், அழைப்பைத் துண்டித்துவிட்டு ஊராட்சி அலுவலகத்துக்குச் செல்லுங்கள்.

மார்க்கம் கற்பிப்பது

பெரியோர்களே! திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் எது? அல்பகரா அத்தியாயத்தின் 282 ஆம் வசனம். கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதையும், சாட்சிகளை வைத்துக்கொள்வதையும், தொகை சிறிதாயினும் எழுதச் சோர்வடையலாகாது என்பதையும் அவ்வசனம் பேசுகிறது. ஹுஜுராத் அத்தியாயம், வந்த செய்தியை விசாரித்துத் தெளியாமல் நம்புவதையும், சக மனிதரைப் பற்றித் தவறாக எண்ணுவதையும் தடுக்கிறது. இரண்டையும் நாம் ஆண்டுதோறும் ஓதுகிறோம். 660 ரூபாய் வந்து நம்மைச் சோதித்தபோது, இரண்டிலும் தவறினோம்.

நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் இஃதிகாஃபில் இருந்த காலத்தில், தம்மைக் காண வந்த துணைவியார் ஸஃபிய்யா ரலியல்லாஹு அன்ஹா அவர்களை வழியனுப்ப இரவில் எழுந்து சென்றார்கள். அவ்வழியே இருவர் விரைந்து கடந்தபோது, அவர்களை நிறுத்தி, உடன் இருப்பவர் இன்னார் என்று தாமே தெரிவித்தார்கள். எவரும் ஐயுறத் துணியாத அவர்களே ஐயத்துக்கு இடம் வைக்கவில்லையென்றால், பொதுப்பணத்தைக் கையாளும் நாம் எம்மாத்திரம்?

நம் தமிழ் மண்ணும் இதை அறியும். 10 ஆம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் பணியாற்றிக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் வாரியத்துக்கு வரலாகாது என்று விதித்திருக்கிறது. கணக்குக் கேட்பது குற்றமன்று, கேட்க வேண்டியதே. ஆனால் கேட்பவர் கணக்கைப் படிக்கத் தெரிந்தவராகவும், விடை கிடைக்கும் வரை நாவைக் காப்பவராகவும் இருக்க வேண்டும்.

பொருளாளர் அவர்களிடம் ஜும்ஆவுக்குப் பின் உங்கள் அனைவர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டோம். அவர்கள் ரசீதுப் புத்தகத்தைத் திரும்ப ஏற்றுக்கொண்டார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் தேநீர்க் கடையில் பேசிய பேச்சைத் திரும்பப் பெற எந்த வங்கியாலும் இயலாது. பேசியவர்கள் அவர்களை நேரில் கண்டு பொருத்தம் கேட்டுக்கொள்ள வேண்டுமென்று வேண்டுகிறோம்.

இவ்வாண்டு முதல் நிர்வாகக் குழு ஒரு முறையைக் கடைப்பிடிக்கிறது. ஊராட்சிக்குச் செலுத்தும் ஒவ்வொரு தொகைக்கும் வங்கிப் பதிவின் நகலும் ரசீதும் ஒன்றாகத் தைக்கப்பட்டு, இருவர் கையொப்பம் இடுவார்கள். மார்ச் மாதக் கணக்கை, ஏப்ரல் பத்தாம் தேதி வரையிலான அறிக்கையைப் பார்த்த பின்னரே முடிப்பார்கள். உங்கள் இல்லங்களிலும் இதைச் செய்யுங்கள். எழுதப் படிக்க இயலாத முதியோருக்கு இளைஞர்கள் உதவுங்கள். அவர்களுடைய இரகசிய எண்ணைக் கேட்காமல் உதவுங்கள்.

சற்று நேரத்தில் வரவு செலவு அறிக்கை வாசிக்கப்படும். அதில் 660 ரூபாய் ஒருமுறை பற்றாகவும் ஒருமுறை வரவாகவும் வரும். அப்போது அவ்விரு பதிவுகளையும் கவனித்துக் கேளுங்கள்.

அல்லாஹ் நம் அனைவரையும் அமானிதம் பேணுவோராக ஆக்கி அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.