இல்லாத மந்திர நூல்

"அந்தப் புத்தகத்தைத் தொட்டாலே ஆபத்து" என்று யாராவது சொன்னால் நமக்குப் பயம் வருகிறது. கூடவே, அதைப் பார்க்கும் ஆசையும் வருகிறது. அப்படிப் பலரை நம்பவைத்த ஒரு நூலைப் பற்றி இன்று பேசுவோம். அதன் பெயர் நெக்ரோனோமிகான்.

அமெரிக்காவின் பிராவிடென்ஸ் நகரில் லவ்கிராஃப்ட் என்ற எழுத்தாளர் இருந்தார். 1890-இல் பிறந்து 1937-இல் காலமானவர். பத்திரிகைகளுக்குத் திகில் கதைகள் எழுதியவர். 1922-இல் அவர் எழுதிய கதை ஒன்றில்தான் இந்நூலின் பெயர் முதலில் வருகிறது. அப்பெயர் கனவில் தோன்றியது என்று அவரே சொல்லியிருக்கிறார். நூலாசிரியர் அப்துல் அல்ஹஸ்ரெட் என்ற அரபுக் கவிஞராம். அப்படி ஒருவர் இருந்ததே இல்லை. அரபுக் கதைகளைப் படித்த சிறுவயதில், லவ்கிராஃப்ட் தமக்கே வைத்து விளையாடிய பெயர் அது!

பிறகு எப்படி நம்பினார்கள்? 1927-இல் அவர் அந்த நூலுக்கு ஒரு வரலாறே எழுதினார். 730-இல் டமாஸ்கஸில் எழுதப்பட்டது, 950-இல் கிரேக்கத்துக்கு வந்தது, 1228-இல் லத்தீனுக்கு வந்தது என்று ஆண்டுக் கணக்குக் கொடுத்தார். லத்தீனில் பெயர்த்தவராக அவர் காட்டிய வோர்மியஸ் உண்மையான மனிதர்; டென்மார்க் நாட்டு மருத்துவர். ஆனால் அவர் பிறந்ததோ 1588-இல்! பிறக்கும் முன்பே ஒருவர் மொழிபெயர்க்க முடியுமா?

லவ்கிராஃப்டின் எழுத்தாள நண்பர்களும் தங்கள் கதைகளில் அதே நூலைக் குறிப்பிட்டார்கள். ஒருவர் சொன்னால் கதை. நாலுபேர் சொன்னால் அதுவே செய்தியாகிவிடுகிறது. வாசகர்கள் கடிதம் எழுதிக் கேட்டபோது, எல்லாம் தம் கற்பனையே என்று அவர் ஒளிக்காமல் பதில் எழுதினார். ஆயினும் அவர் மறைந்து நாற்பது ஆண்டுகள் கழித்து, 1977-இல், அதே பெயரில் ஒரு மந்திர நூல் நியூயார்க்கில் அச்சாகி விலைக்கு வந்தது.

நேயர்களே, கதையைக் கதையென்று ரசிப்பதில் தவறில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நாம் கலங்கி நிற்கையில், "பழைய ஏட்டில் பரிகாரம் இருக்கிறது" என்று ஒருவர் வந்து சம்பளப் பணத்தைக் கேட்கும்போதுதான் ஆபத்து. அப்போது மூன்று கேள்விகள் கேட்போம். அந்த ஏட்டைக் கண்ணால் கண்டவர் யார்? அதை எழுதியவர் யார்? நாம் நம்பினால் யாருக்கு லாபம்? பதில் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பணத்தை மடியில் முடிந்துகொண்டு, பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்வோம்.