ஒன்றில் ஆழ்வதா, இரண்டை ஒப்பிடுவதா?



முனைவர் பட்டத்திற்குப் பதிய விரும்பும் மாணவர்கள் எம்மிடம் அடிக்கடி கேட்கும் வினாவையே இன்றைய உரைக்குப் பொருளாகக் கொண்டோம். தமிழிலக்கியம் ஒன்றையே ஆராய்வதா, ஒப்பிலக்கியத்தில் இறங்குவதா என்பதே அவ்வினா. பல்லாண்டு உழைப்பையும் பின்னர் அமையும் பணியையும் இத்தேர்வு தீர்மானிக்கக்கூடும் ஆதலின், மாணவர் தயங்குவது இயல்பே. கேட்பவரிடம் யாம் திருப்பிக் கேட்பது ஒன்றுண்டு: "உங்கள் ஆய்வு வினா எது?" பலரிடம் அதற்கு விடை இருப்பதில்லை. துறையை முதலில் தேர்ந்துகொண்டு வினாவைப் பிறகு தேடிக்கொள்ளலாம் என எண்ணுகின்றனர். இடர்ப்பாடு அங்கேதான் தொடங்குகிறது.

மலேசியத் தமிழ்ப்பள்ளி மாணவர் ஏழு வயதிலேயே தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மூன்றையும் பயிலத் தொடங்குகிறார். ஆகவே ஒப்பிலக்கியம் தமக்குக் கைவந்த கலை என்று பலர் நம்புகின்றனர். இந்நம்பிக்கை பாதி உண்மை. மற்றப் பாதியை விளக்க ஓர் எடுத்துக்காட்டுப் போதும்.

கம்பராமாயணத்தையும் மலாய் மொழியின் 'ஹிகாயத் செரி ராமா'வையும் ஒப்பிட்ட ஆய்வேடு ஒன்றிற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னர் யாம் தேர்வாளராக இருந்தோம். தலைப்பைக் கண்டதும் மகிழ்ந்தோம். இந்நாட்டில் தமிழ் கற்றவர் செய்தற்குரிய ஆய்வு அது. ஏட்டைப் புரட்டினால், ஒற்றுமைகள் ஓர் இயல், வேற்றுமைகள் ஓர் இயல், முடிவுரை. கம்பனில் சீதை சனகனின் உழுபடைச் சாலில் கிடைக்கிறாள். ஹிகாயத்திலோ இராவணன் மனையில் பிறந்து, பெட்டியில் வைத்துக் கடலில் விடப்படுகிறாள். கம்பனில் அனுமன் வாயுவின் மைந்தன். ஹிகாயத்தில் இராமனின் மகன். வேற்றுமைகள் சரியாகவே எடுத்துக்காட்டப்பட்டிருந்தன. அவற்றிற்குக் காரணமாக ஆய்வாளர் கூறியது ஒன்றே: மலாய்ப் புலவர் தம் பண்பாட்டிற்கேற்பக் கதையை மாற்றிக்கொண்டார்.

வாய்மொழித் தேர்வில் யாம் வினவினோம். சீதை இராவணனின் மகள் என்னும் கதை குணபத்திரரின் உத்தரபுராணம் முதலிய சமண நூல்களிலும் உள்ளதே, அதனை மலாய்ப் பண்பாட்டின் விளைவாக எங்ஙனம் கொள்வது? விடையில்லை. கையெழுத்துப் படிகள் ஜாவி எழுத்தில் உள்ளனவே, எதனைப் படித்தீர்கள்? உரோமன் எழுத்தில் வந்த சுருக்கப் பதிப்பு ஒன்றைப் படித்ததாகக் கூறினார். பழைய படிகளுள் ஒன்று 17ஆம் நூற்றாண்டிலேயே ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தைச் சேர்ந்துவிட்டது. அதனை ஷெல்லபேர் 1915இல் பதிப்பித்தார். மலாய் இராமகாதை பற்றிச் சீசனிஸ் என்பார் 1928இல் ஜெர்மன் மொழியில் எழுதிய நூல், 1963இல் சிங்கப்பூரில் ஆங்கில மொழிபெயர்ப்பாக வெளிவந்தது. இவற்றுள் எதனையும் அவர் கண்டதில்லை.

மாணவரைக் குறைகூற இதனைச் சொல்லவில்லை. நெறியாளருக்கே ஜாவி தெரியாது. உண்மையைச் சொன்னால், தேர்வாளராகிய எமக்கும் அன்று எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவே தெரியும். எனினும், இரு மொழியிலும் மூலத்தைப் படிக்க இயலாதவர் செய்வதை ஒப்பிலக்கியம் என்று கூற எமக்கு மனம் ஒப்பவில்லை. அது கதைச்சுருக்கங்களின் ஒப்பீடு.

நன்கு செய்த ஒப்பீடு எத்தகையது என்பதற்குக் க. கைலாசபதியைச் சுட்டலாம். இலங்கையரான அவர் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில், கிரேக்கப் பேராசிரியர் ஜார்ஜ் தாம்சனின் நெறியாள்கையில், சங்கப் பாடல்களைக் கிரேக்கம் முதலிய பிறமொழி வீரநிலைப் பாடல்களோடு ஒப்பிட்டு முனைவர் பட்டம் பெற்றார். அவ்வாய்வு 1968இல் ஆக்ஸ்போர்டு வெளியீடாக நூல்வடிவம் கண்டது. சங்கப் பாடல்கள் பாணர்தம் வாய்மொழி மரபில் பிறந்தவை என்பது அவர் கொள்கை. 1975இல் ஜார்ஜ் ஹார்ட் வேறு கருத்துரைத்தார்: பாணர் பாடல்களை முன்மாதிரியாகக் கொண்டு, எழுத்தறிந்த புலவர் இயற்றியவை அவை என்றார். எம் மனம் ஹார்ட்டின் பக்கமே சற்றுச் சாய்கிறது. அது வேறு செய்தி. இங்கு நோக்கத்தக்கது, கைலாசபதியின் வினா தமிழை மட்டும் கற்றிருந்தால் எழுந்திருக்காது என்பதே. ஹோமர் காவியங்களில் மீண்டும் மீண்டும் வரும் வாய்பாட்டுத் தொடர்களை அறிஞர் ஆராய்ந்திருந்தமையால் அது எழுந்தது. ஆயினும் அதற்குரிய சான்றுகளைப் புறநானூற்றிலும் அகநானூற்றிலும் அடியடியாகத் தேட வேண்டியிருந்தது. சங்க இலக்கியத்தில் தோய்ந்திராவிடில் ஹோமரை எத்துணை அறிந்தும் பயனில்லை.

அப்படியாயின் ஒருமொழி ஆய்வு எளிய வழியோ எனின், அன்று. மணிமேகலையைப் பதிப்பிக்க முற்பட்ட உ.வே. சாமிநாதையருக்குத் தமிழறிவு மட்டும் போதவில்லை. மளூர் ரங்காசாரியார் ஆங்கில நூல்களைப் படித்துப் பௌத்தக் கருத்துகளை எடுத்துரைக்க, அவர் கேட்டுத் தெளிந்தார். நூல் 1898இல் வெளிவந்தது. அதற்காக அவரை ஒப்பிலக்கிய அறிஞர் என்று எவரும் கூறுவதில்லை. தமிழ்நூல் ஒன்றே அவரை அங்கு அழைத்துச் சென்றது. மற்றொரு பக்கம், ச. அகத்தியலிங்கம் பதிற்றுப்பத்தைச் சிறப்பாக முன்வைத்துப் பழந்தமிழ் இலக்கணம் எழுதினார். 1979இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. அங்கு வினா பழந்தமிழ் பற்றியது. விடையும் தமிழிலேயே உண்டு. பிறமொழி ஒப்பீட்டை இடையில் கொணர்ந்திருந்தால் குழப்பமே மிஞ்சியிருக்கும்.

எம் சொந்தத் துறையாகிய மொழியியலிலிருந்து சிறு செய்தி ஒன்று. மலாயில் 'குடாங்' என வழங்கும் சொல் நம் 'கிடங்கு' என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். தெலுங்கில் 'கிட்டங்கி' உண்டு. வங்கக் கடலைக் கடந்த வணிகருள் தெலுங்கரும் இருந்தனர். தமிழும் மலாயும் மட்டும் அறிந்தவர்க்கு இவ்வையம் தோன்றவே தோன்றாது.

நடைமுறை குறித்து இரண்டொரு சொல். பகலெல்லாம் பள்ளியில் பணியாற்றி இரவில் ஆய்வேடு எழுதும் ஆசிரியர், இரண்டாம் மொழியின் பழைய எழுத்தையும் இலக்கியத்தையும் கற்க ஈராண்டேனும் ஒதுக்க இயலுமா என்பதைத் தம் குடும்பத்தோடு கலந்து முடிவு செய்தல் நன்று. அம்மொழி அறிந்த இணை நெறியாளர் ஒருவர் கிடைப்பாரா என்பதைப் பதிவுக்கு முன்னரே உறுதி செய்க. இவ்விரண்டும் அமையாவிடில், ஒருமொழி ஆய்வைத் தேர்வதில் தாழ்வொன்றும் இல்லை.

சென்ற ஆண்டு தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் அதே இராமகாதைத் தலைப்போடு எம்மிடம் வந்தார். கம்பனோடு நிற்குமாறு கூறினோம். அவர் கேட்கவில்லை, சனிக்கிழமைதோறும் ஜாவி கற்கச் செல்கிறார். அண்மையில் ஹிகாயத்தின் ஒரு பக்கத்தைத் தாமே படித்து எழுதிக் கொண்டுவந்தார். இரண்டிடங்களில் யாம் அவரைத் திருத்தினோம். ஓரிடத்தில் அவர் எம்மைத் திருத்தினார். முனைவர் பட்டத்திற்கு இன்னும் பதியவில்லை. அடுத்த பருவத்தில் பதிவதாகக் கூறியுள்ளார்.