மோதிர விரலின் சாட்சி

பெங்களூர் ஈஜிபுராவில் ஒரு கட்டிலும் இரண்டு நாற்காலிகளும் மட்டுமே கொள்ளும் சிறிய அறையில் இயன்முறைச் சிகிச்சை செய்துவரும் எனக்கு, கை மரத்துப்போவதைப் பற்றிப் பேசும்படி வானொலி நிலையத்தார் சில நிமிஷங்கள் அளித்திருக்கிறார்கள். அவற்றில் பெரும்பகுதியை ஒரே ஒரு விரலுக்குச் செலவிட்டுவிடுவேனோ என்ற அச்சம் எனக்கு இப்போதே உண்டு.

அது மோதிர விரல். வானொலிப் பெட்டியின் அருகே இருப்பவர்கள் தயவுசெய்து கையை விரித்து, அந்த விரலை நெடுக்காக இரண்டு பாகமாக வகிர்ந்ததாகப் பாவித்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் ஆகிய மூன்றுக்கும், மோதிர விரலில் நடுவிரலை ஒட்டிய பாதிக்கும் உணர்ச்சி அளிப்பது மணிக்கட்டின் நடுவே வரும் ஒரு நரம்பு. சுண்டுவிரலுக்கும் அதை ஒட்டிய மறுபாதிக்கும் உணர்ச்சி அளிப்பதோ, முழங்கையில் இடித்துக்கொண்டால் மின்சாரம் பாய்ந்தாற்போல் சுரீரென்கிறதே, அந்த எலும்பின் பின்னால் வரும் வேறொரு நரம்பு. பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பி, வீட்டின் நடுவே சுவர் எழுப்பியது போல, ஒரே விரலுக்குள் இரண்டு உடைமை! ஆகையால், “கை முழுக்க மதமதன்னு இருக்கு சார்” என்று வருபவரின் மோதிர விரலைத்தான் நான் முதலில் பிடித்து, பஞ்சுத் துணுக்கால் இரு ஓரங்களையும் மாற்றி மாற்றித் தடவி, எந்தப் பக்கம் மந்தம் என்று கேட்பேன். நடுவிரல் பக்கம் என்றால் குற்றவாளி பெரும்பாலும் மணிக்கட்டில். சுண்டுவிரல் பக்கம் என்றால் பெரும்பாலும் முழங்கையில். இரு பக்கமும் ஒன்றுபோல மந்தம், கழுத்தைத் திருப்பினால் தோள் வழியே வலி இறங்குகிறது என்றால், கழுத்தெலும்புகளிடையே நரம்பின் வேர் நெருக்குண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மரத்த இடம் ஒன்று, மாட்டிக்கொண்ட இடம் வேறொன்று. இந்த விஷயத்தில் எனக்கு அலுக்காத விசேஷம் இதுதான்.

மாட்டிக்கொண்ட இடத்தை எப்படிக் கையாளக் கூடாது என்பதை எனக்குக் கற்பித்தவர் ஒரு பூக்கார அம்மாள். விவேக்நகர் குழந்தை இயேசு ஆலயத்தின் வியாழக்கிழமைக் கூட்டத்துக்காக, புதன்கிழமை இரவெல்லாம் மல்லிகை தொடுப்பவர். மற்ற நாட்களில் இரவு இரண்டு மணிக்கு விரல்களில் எறும்பு ஊர்வது போலிருந்து விழிப்புத் தட்டும். கையை உதறு உதறு என்று உதறினால்தான் மறுபடி தூக்கம் வரும். இரவில் கையை உதறுகிறேன் என்ற அந்த ஒரு சொல்லைக் கேட்டமாத்திரத்தில் நான் மணிக்கட்டைச் சந்தேகித்திருக்க வேண்டும். சந்தேகித்தேன், ஆனால் தொழிலுக்குப் புதியவன். “நல்லா அமுக்கி விடு தம்பி, தடவிக் குடுக்கவா காசு?” என்று அவர் அதட்டியதும், எண்ணெயைப் போட்டு, மணிக்கட்டின் நடுவிலேயே கட்டைவிரலை ஊன்றி, பலங்கொண்ட மட்டும் அழுத்தினேன். இரண்டாம் நாள் முந்தானையில் கையைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றார். “நீ அமுக்கினதுல மொழம் போடக்கூட கை வரல.”

நியாயந்தானே! எட்டுச் சிற்றெலும்புகள் தொட்டிலாக அமைய, கெட்டியான நார்ப்பட்டையொன்று கூரையாக மூட, விரல் மடக்கும் ஒன்பது தசைநாண்களோடு அந்த ஒற்றை நரம்பும் புகுந்து செல்லும் இடம் அது. மாலை வேளையில் ஈஜிபுரா சிக்னலில் ஒன்பது பஸ்களுக்கிடையே அகப்பட்ட சைக்கிள்காரரைப் பார்த்தவர்களுக்கு நான் மேலும் விளக்க வேண்டியதில்லை. (2017-இல் ஆரம்பித்து ஆண்டுக்கணக்கில் அரைகுறையாக நின்ற எங்கள் மேம்பாலத்தின் கீழ், குண்டும் குழியுமான சாலையில் வண்டியின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு போய்வந்து, கை மரத்து என்னிடம் வந்த இளைஞர்களின் கதை தனி, அதற்கு நேரமில்லை.) நெரிசலில் தவிப்பவனை மேலும் நெருக்கினால் அவன் எங்கே போவான்?

பிறகு என் கையின் வேலை மாறிற்று. முதலில் அவருடைய கழுத்தின் பக்கவாட்டிலும் தோளிலும் இறுகிய தசைகளை இளக்குவது. அப்பால் முன்கையின் சதையை மெல்ல நீவுவது. மணிக்கட்டின் சிற்றெலும்புகளை ஒவ்வொன்றாகப் பிடித்து அசைத்துக் கொடுப்பது. கடைசியாக, முழங்கையையும் மணிக்கட்டையும் மாற்றி மாற்றி நீட்டி மடக்கி, பாவாடை நாடா தன் மடிப்புக்குள் முன்னும் பின்னும் ஓடுவது போல நரம்பைத் தன் பாதையில் ஓடவிடுவது. சுருக்கென்றால் அக்கணமே நிறுத்துவது. இரவில் மணிக்கட்டு மடங்காதிருக்க ஒரு பட்டை. ஐந்து முழம் தொடுத்தால் கொஞ்சம் ஓய்வு. ஆறு வாரத்தில் உதறல் நின்றது. நம் சித்த வைத்தியத்தில் தொக்கணம், அதாவது உடம்பு பிடித்துவிடும் முறை, ஒன்பது வகை என்பார்கள். அழுத்தல் அவற்றில் ஒன்றே ஒன்று, இழுத்தலும் அசைத்தலும் தனித்தனியே எண்ணப்பட்டிருக்கின்றன என்பதை அதன் பின்புதான் நான் கவனித்தேன்.

ஸ்பெயின் தேசத்தில் மணிக்கட்டில் நரம்பு நெருக்குண்ட இந்த உபாதை கொண்ட நூறு பெண்களில் பாதிப் பேருக்கு அறுவையும், பாதிப் பேருக்குக் கழுத்து முதல் கை வரை இத்தகைய கைச்சிகிச்சையும் செய்து பார்த்து, ஓராண்டு கழிந்தபின் இரு சாராரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்ததாக 2017-இல் வெளியிட்டார்கள். அதற்காக, கட்டைவிரலின் அடிமேடு வற்றி, பிடித்த டம்ளர் நழுவும் நிலையில் இருப்பவர்கள் என் போன்றவர்களிடம் நாளைக் கடத்தலாகாது; நார்ப்பட்டையை அறுத்து வழிவிடும் சிறிய அறுவையே அவர்களுக்கு உகந்தது.

மணியைக் காட்டுகிறார்கள். சர்க்கரை வியாதி, தைராய்டுக் குறைவு, கர்ப்பம் இவற்றிலும் கை மரக்கும் என்பதையும், திடீரென ஒரு பக்கம் மரத்துப் பேச்சுக் குழறினாலும், இடக்கையோடு மார்பும் வலித்தாலும் ஆஸ்பத்திரிக்கே ஓட வேண்டும் என்பதையும், சலூன் நாற்காலியில் யாரும் உங்கள் கழுத்தை நெட்டி முறிக்க இடங்கொடாதீர்கள், மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் கிழிய நேரும் என்பதையும் இந்த அவசரத்திலாவது சொல்லிவிடுகிறேன். இன்றிரவு உங்களில் ஒருவரும் கையை உதறிக்கொண்டு எழுந்து உட்காராமல் நிம்மதியாக உறங்கவேண்டும்.