செங்காய்ச்சலும் கருமேனியும்

(பிரம்மதேசத்தில் ஆற்றப்பெற்ற உரை)



'சுகார்லெட்' என ஆங்கிலர் வழங்கும் நோயைச் செங்காய்ச்சல் எனலாம். பெயர் தமிழாயிற்று, எனினும் அதிலுள்ள செம்மை நம்மை ஏமாற்றக்கூடும். 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கில மருத்துவர் தாமசு சிடன்காம் இதற்குப் பெயரிட்டபோது, அவர் கண்டது வெள்ளைத்தோலில் எழுந்த சிவப்பு. திண்டிவனத்து வெயிலில் ஆடித்திரியும் கரிய பிள்ளையின் மேனியில் அச்சிவப்புத் தோன்றாமலே போகலாம். அங்குக் கண்ணினும் கையே துணை. தடவிப் பார்த்தால் தச்சரின் உப்புத்தாள்போல் தோல் சொரசொரக்கும்.

மணி கோத்தாற்போல் தொடர்ந்து நிற்கும் ஒரு நுண்ணுயிரி தொண்டையிற் குடிகொண்டு உமிழும் நஞ்சே அப்பொரிகளை எழுப்புகிறது. பெரும்பாலும் 5 முதல் 15 அகவையினரையே பற்றும். காய்ச்சலும் தொண்டை நோவும் முந்துறும்; கழுத்தில் நெறிகட்டும்; ஓரிரு நாளிற் பொரி காணும். நாக்கு முசுக்கட்டைப் பழம்போற் சிவந்து மொட்டுமொட்டாய்த் தோன்றும். (மேனாட்டு நூல்கள் நம்மூரார் கண்டிராத பழமொன்றை உவமை கூறும், அது நமக்கெதற்கு?) பின்னர் விரல்நுனித் தோல் உரியும்.

குளிர்நாடுகளிற்போல் இங்கு இந்நோய் மிகுதியாகக் கண்டறியப்பெறுவதில்லை. ஆனால் அவ்வுயிரி இங்கும் உண்டு. பொரி கண்டதும் அம்மையென்று வேப்பிலை செருகி, மருந்தை விலக்கிப் பிள்ளையை மூலையிற் கிடத்துவதில்தான் இடர். காய்ச்சல் தானே தணியும், மெய்தான். இரண்டு மூன்று கிழமை கழித்து, 'ருமாட்டிக்' என மருத்துவர் வழங்கும் மூட்டுக்காய்ச்சல் வந்து, நெஞ்சாங்குலையின் வால்வுகளைப் பழுதாக்கக்கூடும். சிறுநீரகமும் தாக்குறலாம். பேறுகாலத்தில் மூச்சுத்திணறும் இளந்தாய்மார் சிலர்க்கு, அக்கேடு பள்ளிப்பருவத்துத் தொண்டை நோவிலேயே தொடங்கியிருக்கும்!

மருந்தோ அரிதன்று. 1928-இல் பிளெமிங் கண்ட பெனிசிலின், 1950-களிலேயே பிம்பிரி அரசு ஆலையில் ஆக்கப்பெற்றது. இன்றும் அதற்கு இவ்வுயிரி பணிகிறது. மருத்துவர் 10 நாளைக்குத் தந்தால் 10 நாளும் உட்கொள்ளல் வேண்டும். மூன்றாம் நாளே பிள்ளை துள்ளி விளையாடும். அன்றே மாத்திரையை எடுத்து வைத்துவிடுவோர் பலர். பெனிசிலின் ஒவ்வாதார் அதனை முன்னரே கூறின் மாற்றுமருந்து உண்டு. மருந்து தொடங்கி 24 மணிநேரமேனும் பள்ளிக்கு அனுப்பலாகாது.

தொண்டை நோவெல்லாம் இதுவன்று; பல தாமே அடங்குவன. பிரித்தறிதல் மருத்துவர் பணி. திண்டிவனம் அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கால், "சிவப்பு இல்லை" என்று மட்டும் சொல்லி நின்றுவிடாதீர். "தொண்டை நோகிறது, தோல் உப்புத்தாளாய் இருக்கிறது" என்று சேர்த்துச் சொல்லுங்கள்.